மைனஸ் பதினாலு பயம்

ஏழாம் வகுப்பு ஆ பிரிவில் பின்னக் கூட்டல் நடந்துகொண்டிருந்தபோது ப்யூன் வந்து வாசலில் நின்றார். "ஹெட்மாஸ்டர் உடனே வரச் சொன்னார் டீச்சர். முகம் சரியில்ல" என்று சொல்லிவிட்டு, தன் வேலை முடிந்தது என்பதுபோல நகர்ந்துவிட்டார்.

பலகையில் அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று ஒரு பையன் பெரிதாக எழுதியிருந்தான். அது தப்பு என்று கணக்கு டீச்சருக்குத் தெரியும். எழுதியவனுக்கும் அப்போதுதான் மெல்லத் தெரிய ஆரம்பித்திருந்தது. மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பெண், "ஐந்தில் ரெண்டு அரையைவிடச் சின்னதாச்சே. கூட்டினா எப்படிடா குறையும்?" என்று கேட்டிருந்தாள். வகுப்பே அந்தக் கேள்வியில் மூக்கை நுழைத்துக்கொண்டிருந்தது.

"யாரும் அழிச்சிடாதீங்க. வந்து பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு டீச்சர் ஆபீசுக்கு நடந்தார். அவர் ஒப்பந்த ஆசிரியை. ஒவ்வொரு வருடமும் ஒரு கையெழுத்தில்தான் அவருடைய அடுத்த வருடம் இருந்தது.

விஷயம் இதுதான். பிள்ளைகள் கணக்கைக் கண்டு பயப்படுகிறார்கள் என்பதைத் துறை அந்த வருடம் கண்டுபிடித்திருந்தது. உடனே ஒரு குழு அமைத்தார்கள். குழு பதினான்கு தடவை கூடிப் பேசி, பயத்தை ஒழிக்க வேண்டுமானால் முதலில் அதை அளக்க வேண்டும் என்று முடிவுக்கு வந்தது. 'கணக்குப் பய ஒழிப்புத் திட்டம்' பிறந்தது. எல்லாப் பள்ளிக்கும் சுவரொட்டி வந்தது. அதில் ஏழு என்ற எண்ணுக்குப் பல்லும் நகமும் வரைந்து, அதன் முன்னால் ஒரு குழந்தை அலறுவதுபோலப் போட்டு, கீழே 'பயம் வேண்டாம்' என்று எழுதியிருந்தார்கள். அதை ஒட்டிய நாளிலிருந்து ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அந்த வராந்தா வழியாகத் தண்ணீர் குடிக்கப் போவதை நிறுத்திக்கொண்டார்கள்.

பிறகு படிவம் வந்தது. இருபது கேள்விகள். கணக்குப் புத்தகத்தைக் கண்டால் உள்ளங்கை வியர்க்கிறதா? ஆசிரியர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எழுத்துகள் மறைந்துபோகின்றனவா? ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை போட்டுக்கொள்ள வேண்டும். ஆக மொத்தம் நூறு. நூறு எடுத்தால் முழுப் பயம். போன வாரம்தான் எல்லா வகுப்புகளும் எழுதி முடித்திருந்தன.

ஹெட்மாஸ்டர் அறையில் மின்விசிறி ஓடியது. அவர் சட்டை அப்படியும் நனைந்திருந்தது.

"உட்காருங்க டீச்சர். மத்த வகுப்பெல்லாம் அறுபது, எழுபதுன்னு நல்லபடியா வந்திருக்கு. எட்டாம் வகுப்பு எழுபத்தி எட்டு. உங்க வகுப்பு மட்டும் என்ன பதினொண்ணு?"

"பதினொண்ணுன்னா பயம் கம்மின்னுதானே சார் அர்த்தம்?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். ஏன் கம்மி?"

"பசங்க தப்பா போட்டா திட்டறதில்ல சார். எப்படி வந்துச்சுன்னு கேப்பேன். சொல்லத் தெரியலன்னா நாளைக்குச் சொல்லுன்னு விட்டுடுவேன். வேற ஒண்ணும் பண்ணல."

"பண்ணாம இருந்ததுக்கே இப்படி ஆயிடுச்சா!" ஹெட்மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "திட்டப்படி ஒவ்வொரு வகுப்பும் வருஷ முடிவுல இருபத்தஞ்சு புள்ளி பயத்தைக் குறைச்சுக் காட்டணும். பதினொண்ணுல இருபத்தஞ்சு போனா எவ்வளவு?"

"மைனஸ் பதினாலு."

"மைனஸ் பதினாலு பயம்னா என்ன டீச்சர்?"

டீச்சர் யோசித்தார். "தைரியமா இருக்கலாம் சார்."

"இருக்கலாம். படிவத்துல அதுக்குக் கட்டம் இல்ல."

மறுநாளே திட்ட அலுவலர் வந்துவிட்டார். மடிப்புக் கலையாத சட்டை, கையில் தோல் பை, எதைச் சொன்னாலும் முதலில் தொண்டையைச் செருமிக்கொள்ளும் பழக்கம். வகுப்பை ஜன்னல் வழியாகக் கால் மணி நேரம் பார்த்தார். உள்ளே பிள்ளைகள் ஒருவர் பேச்சில் ஒருவர் புகுந்து சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள், பின்னத்துக்காக. அலுவலர் குறிப்பேட்டில் 'ஒழுங்கீனம்' என்று எழுதி, அடிக்கோடு இட்டார்.

"இந்த வகுப்புல பயத்தை யாரோ முன்கூட்டியே எடுத்திருக்காங்க" என்றார் ஹெட்மாஸ்டர் அறையில் உட்கார்ந்து. "அனுமதி வாங்காம எடுத்திருக்காங்க. அளக்கறதுக்கு முன்னாடி எடுத்தா அது கணக்குலயே வராது. புரியுதா?"

"பசங்க நல்லா இருக்காங்களே சார்" என்றார் டீச்சர்.

"நல்லா இருக்கறது பிரச்சினையில்ல. எப்ப நல்லா ஆனாங்கங்கறதுதான் பிரச்சினை. டீச்சர், நோய் இல்லாத ஊர்ல ஆஸ்பத்திரி கட்டுவாங்களா? ஆனா நாங்க கட்டிடத்தை ஏற்கெனவே கட்டியாச்சு. டாக்டர் வந்தாச்சு. மருந்து வந்தாச்சு. நோய் ஒண்ணுதான் பாக்கி."

தோல் பையிலிருந்து ஒரு கையேட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். 'அடிப்படைப் பயம் எழுப்புதல்' என்று அட்டையில் இருந்தது. கூடவே ஒரு நிறுத்தக் கடிகாரம், ஒரு பெரிய மணி, ஒரு டஜன் சிவப்பு மைப் பேனா. பத்து நாள் பயிற்சி, பிறகு மறு அளவீடு, அதன்பின் ஒரு வாரம் ஒழிப்பு, கடைசியில் இயக்குநர் தலைமையில் விழா. எல்லாம் கட்டம் போட்டு எழுதியிருந்தது.

"முதல்ல பயமுறுத்தி, அப்புறம் பயத்தைப் போக்கணுமா சார்?"

"பயமுறுத்தணும்னு எங்கயும் எழுதல. எழுப்பணும்னுதான் இருக்கு." செருமினார். "உங்க ஒப்பந்தம் எப்ப முடியுது?"

டீச்சர் கையேட்டை எடுத்துக்கொண்டார்.

எடுத்துக்கொண்டதற்கு அவரை யாரும் குறை சொல்ல முடியாது. வீட்டில் கணவருக்கு ஆறு மாதமாக வேலை இல்லை. கைக்குழந்தை ஒன்று. ஆனால் வராந்தாவில் நடக்கும்போது அவருக்கு முப்பது பிள்ளைகளில் ஒரு முகம்தான் கண்ணில் நின்றது.

அந்தப் பெண்ணை வகுப்பில் ரப்பர் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். போன வருடம் வேறு பள்ளியிலிருந்து வந்தவள். கணக்கைச் சரியாகத்தான் போடுவாள். போட்டதும் அழிப்பாள். மறுபடி அதே விடையைப் போடுவாள், மறுபடி அழிப்பாள். அழித்து அழித்துத் தாள் கிழிந்து ஓட்டை விழுந்துவிடும். அந்த ஓட்டையைக் கையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் உதடு அசையும், சத்தம் வராது. டீச்சர் அவளிடம் பென்சிலை வாங்கிக்கொண்டு ஒரு பேனாவைக் கொடுத்தார். அடித்துக்கொள்ளலாம், அழிக்கக் கூடாது. அடித்த விடைகளை இருவரும் உட்கார்ந்து படிப்பார்கள். பாதிக்கு மேல் சரியாக இருக்கும். மூன்று மாதம் கழித்து ஒரு நாள் ரப்பர் கையைத் தூக்கி, "டீச்சர், நீங்க பலகையில போட்டது தப்பு" என்றாள். டீச்சர் வேண்டுமென்றே போட்ட தப்புதான். ஆனாலும் அன்றைக்கு வீட்டுக்குப் போய்க் கணவரிடம் அதை மூன்று தடவை சொன்னார்.

பயிற்சியின் முதல் நாள் டீச்சர் நிறுத்தக் கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். "டீச்சர், ஓட்டப்பந்தயமா?" என்று ஒருவன் கேட்டான். வகுப்பு சிரித்தது. டீச்சருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அலுவலர் எழுந்து வந்து கடிகாரத்தை வாங்கிக்கொண்டார்.

"நீங்க பக்கத்துல நின்னு பாருங்க. நான் எழுப்பிக் காட்டறேன்."

அவருக்கு அது நன்றாக வந்தது. முப்பது நொடிக்கு ஒரு கேள்வி, முடிந்ததும் மணி. மணி அடித்தபின் பேனா அசைந்தால் அந்தத் தாள் கிழிக்கப்படும். முதல் மணிக்குப் பிள்ளைகள் திடுக்கிட்டார்கள். பத்தாவது மணிக்கு யாரும் பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கவில்லை. மாலையில் மதிப்பெண் வரிசைப்படி இடம் மாற்றி உட்கார வைத்தார். மறுநாளிலிருந்து பெயர்களும் போய்விட்டன. "ஒண்ணு, எழுந்திரு. பதினேழு, ஏன் முழிக்கறே?" என்றுதான் கூப்பிட்டார்.

ரப்பர் கடைசி பெஞ்சின் ஓரத்தில் முப்பதாக உட்கார்ந்தாள். மூன்றாவது நாள் அவள் மேஜையில் பேனா இல்லை. பென்சில் இருந்தது. அலுவலர் நடந்து வரும் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் தோள்பட்டை காதுவரை ஏறியது. டீச்சர் பக்கத்தில் போய் நின்றார். தாளில் சரியான விடை இருந்தது. டீச்சர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் அதை அழித்தாள்.

"சார், அந்தப் பொண்ணை மட்டும் விட்டுடலாம் சார்" என்றார் டீச்சர் இடைவேளையில். "ரொம்பக் கஷ்டப்பட்டு வெளிய வந்தவ."

"அந்தப் பொண்ணாலதான் சராசரியே ஏறுது!" அலுவலருக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது, ஒரு நல்ல ஆசிரியை இதைக்கூடப் புரிந்துகொள்ளவில்லையே என்று.

பத்தாம் நாள் மறு அளவீடு. சராசரி எண்பது. அலுவலர் எழுந்து நின்று டீச்சருக்குக் கை கொடுத்தார். ஹெட்மாஸ்டர், "பத்து நாள்ல பதினொண்ணுலேர்ந்து எண்பது! பசங்க என்னமா உழைச்சிருக்காங்க!" என்று காலைக் கூட்டத்தில் பாராட்டி, எல்லாரையும் கைதட்டச் சொன்னார். ஆ பிரிவு பயந்துபோய்க் கைதட்டியது. ரப்பரின் படிவத்தில் இருபது கேள்விக்கும் ஐந்து ஐந்தாக இருந்தது. முழு நூறு. அதற்கு மறுநாளிலிருந்து அவள் பள்ளிக்கு வரவில்லை.

ஒழிப்பு வாரம் ஆரம்பித்தது. பெரிய பலூனில் 'பயம்' என்று எழுதி ஊசியால் குத்தினார்கள். முதல் வரிசைப் பெண்கள் இரண்டு பேர் கத்திவிட்டார்கள். 'எனக்குக் கணக்கென்றால் பயமில்லை' என்று நூறு தடவை எழுத வேண்டும். தொண்ணூற்றெட்டோடு நிறுத்தியவன் வகுப்புக்கு வெளியே நின்றான். விசில் ஊதினால் சிரிக்க வேண்டும், இரண்டாவது விசிலுக்கு நிறுத்த வேண்டும். நிறுத்தாமல் அழுத ஒரு பையனை அலுவலர் தோளில் தட்டி, "பாரு, பயத்தை விட்டாத்தான் உன்னை விடுவோம்" என்று அன்பாகச் சொன்னார்.

வியாழக்கிழமை அவர் ஒரு பட்டியலோடு வந்தார். ஒவ்வொரு பிள்ளைக்கும் எதிரே ஓர் எண்.

"பள்ளியிலேயே அதிகப் பயம் உங்க வகுப்புலதான், அதனால விழாவுல உங்க பசங்கதான் பள்ளி சார்பா படிவம் நிரப்பறாங்க. இயக்குநர் நேர்ல பார்க்கணும்ங்கறார். அதுல யார் யார் எவ்வளவு பயப்படலாம்னு இதுல இருக்கு. சராசரி ஐம்பது வரும்."

"ஏன் சார் ஐம்பது? பூஜ்யம் போடச் சொல்லலாமே" என்றார் டீச்சர். அவர் குரலில் என்ன இருந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

"ரொம்பக் குறைஞ்சா சந்தேகம் வரும்." அலுவலர் பட்டியலில் விரல் வைத்தார். "முப்பதுக்கு நாற்பது குடுத்திருக்கேன். ஆனா அவ வரணும். முழு வருகை இல்லன்னா விழா செல்லாது. வரலன்னா வேற பள்ளிக்கு மாத்திட்டதா காட்டிடலாம். பேரை எடுத்துட்டா பிரச்சினை தீர்ந்தது."

"பேரை எடுத்துட்டா அவ எங்க சார் போவா?"

"அது வேற பிரிவு, டீச்சர்."

அன்று மாலை டீச்சர் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனார். அம்மா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுபவர். அப்போதுதான் வேலையிலிருந்து வந்து நின்றிருந்தார். கைகளில் பழைய சூட்டுக் காயங்கள். டீச்சரைப் பார்த்ததும் உட்காரச் சொல்லவில்லை.

"பாத்ரூம்ல இருக்கா. ஸ்கூல்னு யாராவது பேச்செடுத்தாலே உள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கறா. நாலு நாளா இதான். போன மாசம் என் பக்கத்துல உட்கார்ந்து ஒரு துணியை மூணா மடிச்சு எனக்கே பின்னம் சொல்லிக் குடுத்தா. என்ன பண்ணீங்க என் பொண்ணை?"

யாரையாவது கைகாட்டிவிடலாம். திட்டம், துறை, அலுவலர், மணி என்று எத்தனையோ இருந்தது. டீச்சர் அந்த அம்மாவின் கையைப் பார்த்தார்.

"நான்தான்மா பண்ணேன். பக்கத்துல நின்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். வேலை போயிடும்னு பயம்."

அந்த அம்மா உள்பக்கம் தலையசைத்தார். டீச்சர் போய் பாத்ரூம் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தார். உள்ளே குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

"நான்தான். கதவைத் திறக்க வேணாம்."

உள்ளேயிருந்து, "எனக்கு நாற்பது போடணுமாமே டீச்சர். நம்ம வகுப்புல படிக்கற எதிர் வீட்டுப் பையன் சொன்னான்."

"ஆமா."

"எனக்கு நாற்பது இல்லையே."

"எவ்வளவு?"

"நூறு."

"அப்ப நூறு போடு."

"உங்களைத் திட்டுவாங்க."

"திட்டட்டும். நீ பொய் எழுத வேணாம். அது ஒண்ணுதான் நான் இப்ப உனக்குச் செய்ய முடியும்."

"வரேன்னு இப்பவே சொல்லணுமா?"

"வேணாம். யோசிச்சுப் பாரு. வரணும்னு தோணினா வா."

அவர் எழுந்து வெளியே வரும்போதும் கதவு திறக்கவில்லை. வாசலில் அம்மா, "தண்ணி குடிச்சுட்டுப் போங்க" என்றார்.

விழா அன்று கூடத்தில் மூச்சு விட இடமில்லை. வாசலில் எல்லாருடைய செல்போனையும் வாங்கி ஒரு வாளியில் போட்டுக்கொண்டார்கள். மூளையை மட்டும் நம்பும் கூடம் இது என்று அறிவிப்பு சொன்னது. மேடையில் ஒரு பெரிய பலகை. 'இப்பள்ளியில் கணக்குப் பயம் ______ சதவீதம் ஒழிக்கப்பட்டது' என்று எழுதி, நடுவில் இடம் விட்டிருந்தது. பக்கத்திலேயே ஏணிமேல் பெயின்டர், தூரிகையில் நீல வண்ணத்தோடு தயாராக நின்றார். எண்பது ஐம்பதானால் முப்பத்தேழரை சதவீதம் என்று ஆபீஸ் கிளார்க் போட்டுக் கொடுத்த துண்டுச் சீட்டு அலுவலரின் சட்டைப் பையில் இருந்தது.

ஆ பிரிவு முதல் இரண்டு வரிசைகளில் உட்கார்ந்திருந்தது. இருபத்தொன்பது பேர். ஹெட்மாஸ்டர் கடிகாரத்தையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தார். இயக்குநரின் கார் உள்ளே நுழையும்போது, அதற்குப் பின்னாலேயே அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ரப்பர் வந்தாள். யாரையும் பார்க்காமல் வந்து கடைசி இடத்தில் உட்கார்ந்தாள். டீச்சர் சுவரில் சாய்ந்துகொண்டார்.

இயக்குநர் பேசினார்.

"கணக்குக்குப் பயப்படறவங்க நாட்டுக்கே பாரம். எனக்கு வாழ்க்கையில கணக்குன்னா பயமே கிடையாது. ஏன்னா எனக்குக் கணக்குப் போட எப்பவும் ஆள் இருந்திருக்காங்க. இந்தப் பசங்களும் என்னை மாதிரி வரணும். கால்குலேட்டரைத் தொடறவன் கோழை! வெக்கம்! இன்னிக்கு இந்தப் பசங்க முகத்துல சிரிப்பைப் பாருங்க. விசில் ஊதினதும் சிரிக்கறாங்க. இதைவிட வேற என்ன வேணும்?"

படிவங்கள் வந்தன. முப்பது தலைகள் குனிந்தன. வரிசைக்கு நடுவே அலுவலர் நடந்தார். நடக்க நடக்கப் பிள்ளைகள் அவரவருக்குச் சொன்ன எண்ணைப் போட்டார்கள். பயமில்லை என்று எழுதாவிட்டால் என்ன ஆகுமோ என்ற பயத்தில் கை வேகமாக ஓடியது. படிவங்களை கிளார்க் மேடையில் உட்கார்ந்து கூட்டினார். ஒரு படிவத்தில் அவர் கை நின்றது. மேலே பார்த்தார், அலுவலரைப் பார்த்தார். இயக்குநர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததால் வேறு வழியில்லாமல் மேலே கூட்டி முடித்தார்.

"சராசரி... ஐம்பத்திரண்டு" என்றார் ஒலிபெருக்கியில்.

ஒரே பெண், நாற்பது போட வேண்டிய இடத்தில் நூறு போட்டிருந்தாள். அறுபதை முப்பதால் வகுத்தால் இரண்டு. அந்த இரண்டு போய் ஐம்பதோடு சேர்ந்துகொண்டது. அலுவலரின் கை சட்டைப் பையில் பாதி வழியில் நின்றது.

"அருமை!" என்றார் இயக்குநர். "எண்பதுலேர்ந்து ஐம்பத்திரண்டு. இருபத்தெட்டு புள்ளி குறைஞ்சிருக்கு. இருபத்தஞ்சுக்கு மேலயே. அப்ப எத்தனை சதவீதம்? நானே சொல்லிடுவேன். ஆனா அந்தப் பெருமை உங்களுக்குத்தான். சொல்லுங்க."

மைக் அலுவலரிடம் வந்தது. அவர் செருமினார். கூடம் காத்திருந்தது. மறுபடி செருமினார். பெயின்டர் ஏணியில் கால் மாற்றி நின்றார். கிளார்க் குனிந்துகொண்டார், விதிப்படி அவர் கூட்டல் வரைதான் போகலாம், சதவீதம் அலுவலரின் அதிகாரத்துக்கு உட்பட்டது. ஹெட்மாஸ்டர் வரலாறு படித்தவர். அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

"சொல்லுங்க" என்றார் இயக்குநர். புன்னகை சற்று இறுகியது. "எவ்வளவு நேரம்?"

அலுவலரின் நெற்றியிலிருந்து ஒரு துளி இறங்கி மூக்கு நுனியில் நின்றது. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அவர் சீட்டை வெளியே எடுத்து, அதிலிருந்த எண்ணைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார். பின் வரிசையில் யாரோ கிசுகிசுத்தார்கள். எட்டாம் வகுப்பில் ஒருவன் சிரிப்பை அடக்கினான். தூரிகையிலிருந்து ஒரு சொட்டு நீலம் மேடையில் விழுந்தது.

ஆ பிரிவில் ஒருவரும் சிரிக்கவில்லை.

ரப்பர் எழுந்தாள். ஓடிப்போகப் போகிறாள் என்று நினைத்து டீச்சர் ஓரடி முன்னால் வந்தார். அவள் வாசல் பக்கம் போகவில்லை. மேடைக்குக் கீழே போய் நின்று, அண்ணாந்து பார்த்தாள்.

"சார்." குரல் மெலிசாக இருந்தது. ஆனால் அலுவலரின் கையில் தாழ்ந்திருந்த மைக் அதைக் கூடம் முழுக்கக் கொண்டுபோனது. "எனக்கும் இப்படித்தான் சார் ஆகும். நம்பர் எல்லாம் மறைஞ்சு போயிடும். காது அடைக்கும். கொஞ்ச நேரம் சும்மா நில்லுங்க. அது தானா போயிடும்."

அலுவலர் அவளைப் பார்த்தார். பத்து நாள் முப்பது என்று கூப்பிட்ட பெண்ணை அப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பவர்போலப் பார்த்தார்.

டீச்சர் மேடையேறினார். ஹெட்மாஸ்டர் கண்ணால் தடுத்தார். டீச்சர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அலுவலருக்குப் பக்கத்தில் நின்று, வகுப்பில் பேசும் அதே குரலில், "அவசரமே இல்ல சார். தப்பா வந்தாலும் ஒண்ணும் ஆகாது. எண்பதுல பாதி எவ்வளவு?" என்றார்.

"நா... நாற்பது."

"பாதின்னா எத்தனை சதவீதம்?"

"ஐம்பது."

"நமக்கு வேண்டியது இருபத்தெட்டுதான். நாற்பது பெருசு. அதுலயும் பாதி எடுத்தா?"

"இருபது. அது... இருபத்தஞ்சு சதவீதம்." அலுவலர் எச்சில் விழுங்கினார். "இன்னும் எட்டு இருக்கு."

"ஆமா. இன்னும் எட்டு."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஆ பிரிவு மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. யாரும் விடையை எடுத்துக் கொடுக்கவில்லை. அந்த வகுப்பில் அப்படி ஒரு பழக்கம் இல்லை.

"எட்டு எண்பதுல பத்துல ஒண்ணு" என்றார் மெதுவாக. "பத்து சதவீதம். அப்ப இருபத்தஞ்சும் பத்தும்..." கண் திறந்தார். "முப்பத்தஞ்சு. முப்பத்தஞ்சு சதவீதம் டீச்சர்!"

இயக்குநரிடம் சொல்ல வேண்டியதை டீச்சரிடம் சொல்லிவிட்டார் என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை. ஆ பிரிவு கைதட்டியது. விசில் யாரும் ஊதவில்லை.

"நான் நெனச்சது அதேதான்!" என்றார் இயக்குநர். பெயின்டர் முப்பத்தைந்து என்று எழுதினார். திட்டத்தின் வெற்றி குறித்து இயக்குநர் இன்னும் முக்கால் மணி நேரம் பேசினார்.

விழா முடிந்தபின் வராந்தாவில், பல் வைத்த ஏழுக்குப் பக்கத்தில், அலுவலர் டீச்சரை நிறுத்தினார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எனக்கு ஏழாம் வகுப்புல ஒரு வாத்தியார் இருந்தார். மணி வெச்சிருந்தார்." கொஞ்சம் நிறுத்தினார். "நாற்பது வருஷமா சதவீதத்தை யார்கிட்டயாவது போட்டு வாங்கிக்குவேன். இன்னிக்குத்தான் நானா போட்டேன்."

டீச்சருக்கு அவரிடம் கோபப்பட ஆயிரம் காரணம் இருந்தது. ரப்பர் வாசலில் அம்மாவோடு நின்று, எதிர் வீட்டுப் பையனிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். "அந்தப் பொண்ணுகிட்ட மன்னிப்புக் கேளுங்க சார்" என்றார் டீச்சர். "பேரைச் சொல்லிக் கேளுங்க."

அலுவலருக்கு அந்தப் பெயர் தெரியவில்லை. டீச்சர் சொல்லிக்கொடுத்தார். அவர் அதை இரண்டு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனார்.

அடுத்த வாரமே துறையிலிருந்து கடிதம் வந்தது. திட்டமிட்ட சராசரியை மீறி ஒரு மாணவி முழுப் பயம் காட்டியது குறித்து விளக்கம் கேட்டும், சம்பந்தப்பட்ட ஆசிரியையின் ஒப்பந்தத்தை மறுபரிசீலனை செய்யச் சொல்லியும் இருந்தது. ஹெட்மாஸ்டர் அதை நீட்டியபோது டீச்சர் எதிர்பார்த்ததுதான் என்பதுபோல வாங்கிக்கொண்டார். ஆனால் இரண்டு நாளில் இன்னொரு கடிதம் வந்தது. ஏழாம் வகுப்பு ஆ பிரிவு திட்ட அலுவலரின் நேரடி ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுவதாகவும், விதி நாற்பத்தொன்றின்படி ஆய்வு முடியும்வரை அவ்வகுப்பின் ஆசிரியரை மாற்றவோ, வேறு எந்தத் திட்டத்தையும் அங்கே நுழைக்கவோ கூடாதென்றும் அதில் கண்டிருந்தது. கீழே அலுவலரின் கையெழுத்து.

அவர் செவ்வாய்க்கிழமை தோறும் வருகிறார். கடைசி பெஞ்சில், முழங்கால் இடிக்க, ஒரு நோட்டோடு உட்காருகிறார். ரப்பர் இன்னும் சில நாள் விடையைச் சொல்ல மறுநாள்வரை எடுத்துக்கொள்கிறாள். முழுசாகச் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் வருகிறாள். போன வாரம் அலுவலர் கையைத் தூக்கித் தப்பான விடை ஒன்றைச் சொன்னார். அரை மணி நேரம் வகுப்பு அதைப் பிரித்து மேய்ந்தது.

பருவ முடிவில் அவர் இயக்குநருக்கு அறிக்கை அனுப்பினார். 'மேற்படி வகுப்பில் பயம் குறித்த ஆய்வு தொடர்ந்து நடைபெற்று வருகிறது. தற்போது தசமப் பெருக்கல் வரை வந்திருக்கிறோம். முடிவுக்கு வர மேலும் கால அவகாசம் தேவை.'

இயக்குநர் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். எவ்வளவு காலம் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கூட்டிப் பார்க்க வேண்டி வந்திருக்கும்.